வகுத்தியின் அரசியல்

உலக வங்கி 1993இல் வெளியிட்ட 'ஆரோக்கியத்தில் முதலீடு' அறிக்கையை ஒரு பிரதியாக வாசிக்கவே விரும்புகிறேன். பொருளாதாரம் படித்தவர்களிடம் விட்டுவிட வேண்டிய சமாச்சாரம் இல்லை இது. நோயும் ஊனமும் தின்னும் ஆயுளை 'டாலி' என்ற அலகால் அளந்து, ஒரு டாலியை மீட்க எத்தனை டாலர் என்று அது கேட்டது. எல்லா வயதுக்கும் அங்கே ஒரே விலை கிடையாது. 25 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய்ச் சரிகிற ஒரு கோடு. போதாததற்கு, வரப்போகும் ஆண்டுகளுக்கு வருஷத்துக்கு 3 சதவீதக் கழிவு. கிழவிக்கு ஆயுள் மிச்சம் குறைவு என்பது வேறு, மிச்சமிருக்கும் ஆண்டையே மாற்றுக் குறைத்து எடைபோடுவது வேறு. உழைக்கிற உடல்தான் படிக்கல். 2012இல் வெளிவந்த உலக நோய்ச்சுமை ஆய்வில் வயது எடையையும் கழிவையும் கைவிட்டார்கள். நல்லது. ஆனால் இருந்தவரைக்கும் அதையும் அறிவியல் என்றுதானே சொன்னார்கள்?

மருத்துவமனைகளை ஒப்பிடுவதில் இந்த விளையாட்டு பழசு. நைட்டிங்கேல் தமது மருத்துவமனைக் குறிப்புகளின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில் லண்டனின் 24 மருத்துவமனைகளுக்குத் தந்த சாவு விகிதம் 90.84 சதவீதம்! ஒரு வருஷத்துச் சாவை, ஒரேயொரு நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது. மருத்துவர்கள் கொதித்தார்கள். எதனால் வகுக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1983இல் மெடிகேர், நோய்வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகையைக் கட்டியது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் மருத்துவமனைக்கு மிச்சம். படுத்திருக்கும் நாட்கள் மளமளவென்று குறைந்தன. செலவு எங்கே போயிற்று?

இடுப்பு முறிந்த என் அம்மாவை ஆறாம் நாளே "கூட்டிட்டுப் போங்க, வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்றார்கள். படுக்கை சிக்கனமாகப் பயன்பட்டது. அப்புறம் மூன்று மாதம் பீத்துணி அலசி, புரட்டிப் படுக்கவைத்து, அதற்காகவே தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்ட அக்காவின் கூலி எந்தப் பத்தியில் ஏறும்?

அளக்கவே கூடாது என்கிற கலகப் பேச்சு எனக்கு ஒத்துவராது. கணக்கே இல்லாவிட்டால் தனியார் மருத்துவமனைக்காரன் சொன்னதுதான் விலை. சமூகம் முழுவதற்கும் ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்கிடும் முறை பொருளாதாரப் பாடநூலிலேயே உண்டு. பட்டியல் போடும்போது மட்டும் பணம் கட்டுகிறவனின் பேரேட்டைத்தான் விரிக்கிறார்கள். அக்காவுக்குப் பேரேடு இல்லை.