கறுப்பு வெள்ளையில் கண்ட பச்சை: தென்சென்னைப் புறநகரில் எழுபதுகளின் விளம்பர நினைவேக்கம்

முன்னுரை

எழுபதுகளின் தொலைக்காட்சி விளம்பரங்கள் குறித்த ஏக்கம் இன்று தனியொரு பேச்சுவகையாக வளர்ந்துள்ளது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய புறநகர்களில் அக்காலத்தே இளமையைக் கழித்தோர் சோப்பு, முகப்பவுடர், பல்பொடி ஆகியவற்றின் விளம்பரங்களை நினைவிலிருந்து அடுக்கி, அனைத்தையும் தொலைக்காட்சியில் கண்டனவாகவே கூறுவதுண்டு. இந்நினைவுகளைப் பிழையென்று ஒதுக்குவதும் சான்றென்று அப்படியே ஏற்பதும் ஆய்வுக்கு உதவா. ஒவ்வொரு நினைவும் எந்த ஊடகத்தின் வழி வந்தது என்று பிரித்தறிதல் வேண்டும். அவ்வாறு பிரிக்கும்போது, ‘தொலைக்காட்சி’ என்னும் ஒற்றைப் பெயர் அக்காலத்தின் ஏற்றத்தாழ்வுகளை மறைத்துவிடுவது புலனாகும்.

நான்கே ஆண்டுகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. இந்தியத் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் 1976 சனவரி 1 முதல் இடம்பெற்றன. ஆகவே, சென்னையைப் பொறுத்தவரை ‘எழுபதுகளின் தொலைக்காட்சி விளம்பரம்’ என்பது நான்கே ஆண்டுகளுக்கு உரியது. அந்த நான்கு ஆண்டுகளிலும் ஒளிபரப்பு கறுப்பு வெள்ளையிலேயே அமைந்தது. வண்ண ஒளிபரப்பு 1982இல்தான் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோ பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத பொருள். பெட்டியை வாங்கினாலும் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது.

இவ்வளவு குறுகிய காலம், இவ்வளவு குறைந்த பெட்டிகள். ஆயினும் நினைவுகள் மிகப் பல. இந்த இடைவெளியே விளக்கம் வேண்டுவது.

செவியும் திரையும்

இந்நினைவுகளில் ஒரு பகுதி செவிவழி வந்தது. அகில இந்திய வானொலியின் விவித பாரதியில் விளம்பர ஒலிபரப்பு 1967இல் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு தமிழகத்தில் பெருந்திரளான நேயர்களைப் பெற்றிருந்தது. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழகத்து வீடுகளில் உறவினர் குரல் போலப் பழகியிருந்தன. கோபால் பல்பொடி போன்ற விளம்பரங்கள் இன்றும் மெட்டு மாறாமல் நினைவிலிருப்பது வானொலி நாள்தோறும் ஒலித்ததன் விளைவாகும். அந்த மெட்டுக்குப் பின்னாளில் மனம் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொள்கிறது.

மற்றொரு பகுதி திரையரங்கிலிருந்து வந்தது. முதன்மைப் படத்திற்கு முன் காட்டப்பட்ட விளம்பரப் படங்களும் சிலைடுகளும் வண்ணத்தில் அமைந்தவை. 1975இல் அறிமுகமான லிரில் சோப்பின் விளம்பரப் படம் இதற்குச் சிறந்த சான்று. லிண்டாஸ் நிறுவனம் உருவாக்கிய அப்படத்தில், கேரன் லூனெல் கொடைக்கானல் பகுதி அருவியொன்றில் பச்சை நீச்சலுடையில் தோன்றுகிறார். அங்குள்ள ஓர் அருவி இன்றும் லிரில் பெயராலேயே வழங்குகிறது. அப்படத்தின் ஆற்றல் முழுவதும் நிறத்தில் தங்கியுள்ளது. எலுமிச்சையின் பச்சை, உடையின் பச்சை, காட்டின் பச்சை ஆகிய மூன்றும் ஒன்றாகி நீரின் குளிர்ச்சியை உணர்த்துகின்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் இந்த இணைப்பு முற்றிலும் மறைந்திருக்கும். எழுபதுகளில் அந்தப் பச்சையைக் கண்டதாக ஒருவர் நினைவுகூர்ந்தால், அவர் அதைத் திரையரங்கில் கண்டிருக்க வேண்டும். இன்றேல் பின்னாளைய வண்ணப்படத்தை முன்னாளில் வைத்துப் பார்க்கிறார். நிறம் இங்கு நினைவின் பிறப்பிடத்தைக் காட்டும் சான்றாகிறது.

மூன்றாம் பகுதி காலப் பிறழ்ச்சியால் வந்தது. சர்ஃப் விளம்பரத்தின் லலிதாஜி எண்பதுகளைச் சேர்ந்தவர். நிர்மா விளம்பரம் தொலைக்காட்சியில் புகழ்பெற்றதும் எண்பதுகளிலேயே. வீடுதோறும் பெட்டி நுழைந்த அப்பத்தாண்டு, தனக்கு முந்தைய வானொலியையும் திரையரங்கையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

வாசற்படியில் நின்றவர்

இது வெறும் காலக்குறிப்புத் திருத்தம் அன்று. ஸ்வெட்லானா பாய்ம், இழந்த வீட்டை மீண்டும் கட்டியெழுப்ப விழையும் ஏக்கத்தையும், இழப்பை எண்ணிப் பார்க்கும் ஏக்கத்தையும் வேறுபடுத்துவார். ‘அன்று எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பார்த்தோம்’ என்னும் கூற்று முதல் வகையினது. அது கட்டியெழுப்பும் வீட்டில் அனைவரும் கூடத்தில் அமர்ந்திருக்கின்றனர். பெட்டி இருந்த வீட்டின் கூடத்தில் அமர்ந்தவரும், அவ்வீட்டு வாசற்படியிலும் சன்னலருகிலும் நின்றவரும் அக்கூற்றில் ஒருவராகிவிடுகின்றனர். யார் உள்ளே அழைக்கப்பட்டார், யார் நிறுத்தப்பட்டார் என்பதில் வர்க்கமும் சாதியும் தொழிற்பட்டன. வானொலிக்கு இத்தகைய வாசற்படி இல்லை. தேநீர்க் கடையின் ஒலி தெரு முழுவதற்கும் உரியது. திரையரங்கில் கட்டணத்திற்கேற்ப இருக்கை வேறுபட்டாலும் திரை ஒன்றே. எல்லா நினைவையும் தொலைக்காட்சிக்கு உரியதாக்கும்போது, பொதுவில் பெற்ற இன்பம் தனிவீட்டின் சொத்தாக மாற்றி எழுதப்படுகிறது.

இப்புறநகர்க்கு மேலும் ஓர் இழப்பு உண்டு. விளம்பரப் பொருளை வாங்குவோராக மட்டுமே நினைவேக்கம் இம்மக்களைக் காட்டுகிறது. ஆனால், பாண்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை பல்லாவரத்தில்தான் இயங்கியது. நாடெங்கும் விளம்பரங்களில் மணத்த பவுடருக்குப் பின்னே, ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் வேலைநேரமும் கூலியும் கொண்ட தொழிலாளர் வாழ்வு இருந்தது. அந்நிறுவனம் 1998இல் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. பேருந்துப் பயணியர் இன்றும் ‘பாண்ட்ஸ்’ என்றே அவ்விடத்தைச் சுட்டுகின்றனர். விளம்பரத்தை நினைவுகூரும் பேச்சில் உழைப்புக்கு இடமில்லை. சாலைச் சந்திப்பின் பெயரோ அதை இன்னும் காத்துவருகிறது.

முடிவுரை

எழுபதுகளின் விளம்பர நினைவேக்கத்தில் வானொலியின் ஓசையும் திரையரங்கின் நிறமும் எண்பதுகளின் பெட்டியும் ஒன்றாகக் கலந்துள்ளன. இக்கலப்பைப் பிரித்தறிய, வாய்மொழி வரலாற்றைத் தொகுப்போர் ‘எந்த விளம்பரம்’ என்று கேட்பதோடு நில்லாமல், அது எங்கு, யார் வீட்டில் காணப்பட்டது, எந்த நிறத்தில் தோன்றியது, பார்த்தவர் அமர்ந்திருந்தாரா நின்றிருந்தாரா என்றும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்கள் நினைவின் இனிமையைக் குறைப்பன அல்ல. அந்த இனிமை யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை அவை காட்டும். தாம்பரத்தின் சமூக வரலாறு எழுதப்படும்போது, வாசற்படியில் நின்று பார்த்தவரும் பல்லாவரத்தில் பவுடர் டப்பாக்களை நிரப்பியவரும் அதில் இடம்பெற இதுவே வழி.