இரண்டு ஸ்கேனுக்கு நடுவே

கிடங்கு மேலாண்மை பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் இப்போது ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. கையடக்க ஸ்கேனரும் அதை இயக்கும் மென்பொருளும் வந்த பிறகு குடோனில் பாரபட்சம் ஒழிந்துவிட்டதாம். சூப்பர்வைசரின் ஊர்க்காரர், உறவுக்காரர் என்று யாருக்கும் இனி சலுகை கிடையாது. கருவிக்கு முகம் தெரியாது, வேலை மட்டுமே தெரியும். யார் எவ்வளவு உழைத்தார் என்பதை எண்ணே சொல்லிவிடும். மென்பொருள் விற்பவர்கள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. தொழிலாளர் நலனில் உண்மையான அக்கறை உள்ளவர்களும் இதையே திருப்பிச் சொல்லத் தொடங்கியிருப்பதால்தான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. கருவிக்கு வேலை தெரியும் என்பதே தவறு. ஸ்கேன் நடந்த நொடி மட்டும்தான் அதற்குத் தெரியும். வேலையோ பெரும்பாலும் இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் நடக்கிறது.

நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆர்டருக்குப் பொருள் எடுத்துச் சேர்க்கும் பிக்கிங் வேலைதான் கிடங்குச் செலவில் ஏறத்தாழ பாதியை விழுங்குகிறது என்று பாடநூல்களே சொல்லும். அதிலும் பெரும்பகுதி நடைக்கே போகிறது. அந்த நடையை மென்பொருள் குறைக்கிறது. பத்து ஆர்டரை ஒரே சுற்றில் எடுக்க வழி போட்டுத் தருகிறது. மருந்துக் கிடங்கில் முதலில் காலாவதியாகும் பெட்டியை முதலில் எடுக்கச் சொல்கிறது. ஒரு பேட்ச் மருந்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தால், அது எந்தக் கடைக்குப் போனது என்று சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. காகிதப் பட்டியலையும் பழைய ஆளின் ஞாபகத்தையும் நம்பி இருந்த காலத்தில் இதெல்லாம் நடக்காது. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்திருந்த நிறுவனங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற இடங்களில் பெரிய கிடங்குகளாகத் திரட்டிக்கொண்டன. அந்த அளவில் ஸ்கேனர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவியாக அதற்கு ஈடில்லை.

சிக்கல், அதே கருவியை வைத்து ஆளை அளக்கத் தொடங்கும்போது வருகிறது.

ரேக்குக்கு முன்னால் நடப்பதைப் பார்ப்போம். திரையில் ஓர் இருப்பிட எண் வருகிறது: எந்த வரிசை, எந்த ரேக், எந்தத் தட்டு, அந்தத் தட்டில் எந்தப் ‘பின்’ (பொருள் வைக்கும் தனிப் பிரிவு). அங்கே போய்ப் பின்னில் ஒட்டியிருக்கும் லேபிளை ஸ்கேன் செய்ய வேண்டும்; பிறகு பொருளை. ஆறு தேங்காய் எண்ணெய் பாட்டில் எடு என்கிறது திரை. பின்னில் நாலுதான் இருக்கிறது. அந்த நாலில் ஒன்று கசிந்து, லேபிள் ஊறிப்போயிருக்கிறது. இன்னொன்றின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் சுருங்கி, பார்கோடு மடிந்து கிடக்கிறது. விரலால் இழுத்துப் பிடித்து, கோணத்தை மாற்றி மாற்றிக் காட்டியும் ஸ்கேனர் படிக்கவில்லை என்றால், 890 என்று தொடங்கும் 13 இலக்கத்தையும் கையாலேயே அடிக்க வேண்டும். கசிந்த பாட்டிலை ஒதுக்கி வைக்க வேண்டும். எண்ணெய் அடுத்த பெட்டியில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறையும் பாட்டில்களையும் தேட வேண்டும். சரக்கை அடுக்கியவர் பக்கத்துப் பின்னில் மாற்றி வைத்திருக்கலாம். திறக்காத அட்டைப்பெட்டி ஒன்று உள்ளே தள்ளிக் கிடக்கலாம். அனுபவமுள்ள பிக்கர் இரண்டு மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். வாடிக்கையாளருக்கு ஆறும் போய்ச் சேரும்.

மென்பொருளின் கணக்கில் இதற்கு என்ன பெயர்? ஆறு யூனிட், தாமதம். அவ்வளவுதான். கண்டுபிடித்தது, ஒதுக்கியது, துடைத்தது எதுவும் அங்கே பதிவாகாது. பதிவாவது இடைவெளி மட்டுமே. அந்த இடைவெளியைச் சும்மா இருந்த நேரம் என்று வாசிப்பதுதான் இந்த முறையின் அடிப்படைப் பிழை என்பேன்.

இப்போது அதே இடத்தில் இன்னொரு பிக்கரை நிறுத்திப் பாருங்கள். மூன்று பாட்டிலை எடுத்துக்கொண்டு ‘ஷார்ட்’ என்று அழுத்திவிட்டு அடுத்த ரேக்குக்குப் போய்விடுகிறார். அவருடைய வேகம் குறையவில்லை. பழி இருப்புக் கணக்கின் மேல் போய் விழும். ஆர்டர் குறையாகப் போகிறது. இருக்கும் பாட்டில்களைக் கணினி இல்லை என்று எழுதிக்கொள்கிறது. யாராவது வந்து எண்ணும்வரை அவை கணக்கில் காணாமல் போன சரக்கு. கசிவு தொடர்கிறது. மாதக் கடைசியில் யாருக்குப் பாராட்டு, யாருக்கு எச்சரிக்கை? வேலையைச் செய்தவர் பட்டியலின் அடியில் இருக்கிறார். தட்டிக்கழித்தவர் மேலே இருக்கிறார். இதை ஒரு சில மாதம் பார்த்த பிறகு முதலாமவரும் தேடுவதை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆறு பாட்டிலையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யச் சொன்னால், நன்றாகப் படிக்கும் ஒன்றையே ஆறு முறை காட்டுவார்கள். பின் லேபிள் உயரத்தில் இருந்தால் அதன் நகலைக் கைக்கெட்டும் இடத்தில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். தவறான பொருள் பெட்டிக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஸ்கேனும். வேகத்தை ஆளின் தலையில் கட்டியதும் அந்தக் காவலே வெறும் சடங்காகிறது. துல்லியத்துக்காக வாங்கிய கருவி, துல்லியத்தைத் தானே அரித்துத் தின்கிறது. இந்த இழப்பு தொழிலாளிக்கு மட்டும் உரியது அல்ல, முதலாளிக்கும் உரியது. அவருடைய அறிக்கையில் மட்டும் அது தெரியாது.

பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், அங்குள்ள அமேசான் கிடங்கு நிறுவனத்துக்கு 2023 டிசம்பரில் 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமேசான் அதை எதிர்த்தது. அபராதமும் வழக்கும் எப்படிப் போனாலும், அந்த முடிவு வெளியே கொண்டுவந்த அளவுகோல்கள் முக்கியமானவை. ஸ்கேனர் பத்து நிமிடமோ அதற்கு மேலோ சும்மா இருந்தால் ஒரு குறியீடு. பத்து நிமிடத்துக்குள் வரும் சிறு நிறுத்தங்களுக்கு இன்னொன்று. ஒரு பொருளை ஸ்கேன் செய்து 1.25 நொடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால் அதற்கும் ஒன்று. மெதுவாக இருந்தாலும் குற்றம், வேகமாக இருந்தாலும் குற்றம். ஒரு மனிதர் தன் ஒவ்வொரு சிறு நிறுத்தத்துக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராகிறார்.

கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கிடங்குத் தொழிலாளிக்கு அவருடைய இலக்கை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. சாப்பாட்டு நேரத்தையோ கழிப்பறைக்குப் போவதையோ தடுக்கும் இலக்கு கூடாது என்கிறது. கழிப்பறைக்குப் போகும் உரிமையைச் சட்டத்தில் எழுதிவைக்கும் நிலைக்கு ஒரு தொழில் வந்திருக்கிறது. 2024 ஜூனில் அரியானாவின் மானேசரிலிருந்தும் செய்தி வந்தது: லாரிகளில் வந்த சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் போக மாட்டோம் என்று அமேசான் கிடங்குத் தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகப் புகார். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. அது தனித்த சம்பவம் என்றது நிறுவனம். அங்கே நடந்தது பிக்கிங் அல்ல, இறக்கும் வேலைதான். ஆனால் நிற்கும் நேரமெல்லாம் நஷ்டம் என்ற கணக்கு இரண்டுக்கும் பொது. நம் தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தி, கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. பெருமைப்பட வேண்டிய சட்டம். உட்கார்ந்த நிமிடத்தைக் குறையாக எழுதும் மென்பொருள் கையில் இருந்தால், அந்த இருக்கையில் யார் உட்காருவார்?

பாரபட்சம் ஒழிந்தது என்ற வாதத்துக்கு வருகிறேன். கைக்கெட்டும் உயரத்தில் சோப்பும் பற்பசையும் எடுப்பவருக்கும், 25 கிலோ மூட்டையைக் கீழ்த்தட்டிலிருந்து இழுப்பவருக்கும் மணிக்கு இத்தனை என்ற கணக்கு ஒன்றாக இருக்க முடியாது. யாருக்கு எந்தப் பகுதி என்பதைத் தீர்மானிப்பது இன்றும் ஒரு மனிதர்தான். வேண்டியவருக்கு இலகுவான வரிசை, வேண்டாதவருக்கு மூட்டை வரிசை. முன்பு அது கண்ணுக்குத் தெரியும் ஓரவஞ்சனை, எதிர்த்துக் கேட்கலாம். இப்போது அது எண்ணாகி வெளியே வருகிறது. எண்ணோடு யார் சண்டை போடுவது? ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் இடமே கிடையாது. மறுநாள் ‘வர வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை போதும். தூரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் மென்பொருள் உண்டே என்பார்கள். உண்டுதான். அதற்கு ஒவ்வொரு வேலையையும் நேரம் வைத்து அளக்க வேண்டும். ரேக்கை மாற்றி அடுக்கும்போதெல்லாம் திரும்ப அளக்க வேண்டும். அத்தனையும் செய்தாலும், கசிந்த பாட்டிலை ஒதுக்கலாமா வேண்டாமா என்று யோசித்த நொடிக்கு எந்த மென்பொருளும் விலை போட்டதில்லை.

ஸ்கேனரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சரக்கின் பாதையை அது எழுதட்டும். ஆளின் இடைவெளிகளை எழுத வேண்டாம். தவறாகப் போன ஆர்டர் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று மொத்த ஷிப்ட்டுக்கும் கணக்கு வையுங்கள். நிர்வாகத்துக்கு உண்மையில் தேவை அதுதான். இலக்கு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றால், அதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில், அவர் நிற்கும் பகுதியைக் குறிப்பிட்டு, எழுத்தில் கொடுங்கள்; தாமதத்துக்குக் காரணம் சொல்லும் உரிமையையும் அதோடு கொடுங்கள். இதைக்கூடச் செய்யத் தயாராக இல்லாத நிர்வாகம், தன் கிடங்கில் நியாயம் நிலவுகிறது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதன் கையில் இருப்பது கண்காணிப்பு மட்டுமே. அதற்கு நியாயம் என்று பெயர் சூட்ட, தொழிலாளர் பக்கம் நிற்பவர்களாவது துணைபோக வேண்டாம்.