உரிமச் சீட்டும் உலைப்பானையும்

1902 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்காக மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார். வேட்டையை நடத்திக்கொடுக்கும் பொறுப்பு ஹோல்ட் காலியர் என்ற கறுப்பரிடம் இருந்தது. அடிமையாகப் பிறந்தவர், மூவாயிரத்துக்கும் மேல் கரடிகளைக் கொன்றவர் என்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். காலியர் நாய்களை ஏவிக் கரடியைக் களைக்கவைத்தார். அது நாயொன்றின் மீது பாய்ந்தபோது துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து, சுருக்குக் கயிறு போட்டு மரத்தில் கட்டிவிட்டுத் தலைவருக்கு ஆளனுப்பினார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகல்ல என்று மறுத்துவிட்டார். செய்தித்தாளில் கேலிச்சித்திரம் வந்தது. புரூக்ளின் கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துப் பொம்மை செய்தார். டெடி கரடி பிறந்தது. உண்மைக் கரடி மட்டும் பிழைக்கவில்லை. தலைவர் சொன்னபடியே அதைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். பெருந்தன்மை இருந்தது உண்மைதான். ஆனால் சேற்றிலும் நாணற்காட்டிலும் அலைந்து கரடியைப் பிடித்தவரின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே கிடந்தது. அமெரிக்க வேட்டை நெறி முழுவதுமே இப்படித்தான் பிரிந்து நிற்கிறது: பொழுதுபோக்குக்காக வேட்டையாடுபவருக்கு மரியாதை, வயிற்றுப்பாட்டுக்காக வேட்டையாடுபவருக்குச் சந்தேகம். பருவத் தடை, உரிமக் கட்டணம், ஆளுக்கு இத்தனைதான் என்ற வரம்பு, இறைச்சி விற்பனைக்குத் தடை என்று சட்டமாக இறுகிய அந்த நெறி காட்டுயிர்களைக் காத்தது. யாரைக் குற்றவாளியாக்கிக் காத்தது என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

முதலில் அதன் பலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் காடுகள் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமை சில நூறாகச் சுருங்கியது. வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. ரயிலும் சந்தையும் சேர்ந்து செய்த வேலை இது. மாநிலம் கடந்து நடந்த சட்டவிரோத இறைச்சி வணிகத்தை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. வலசைப் பறவைகளுக்கு 1918இல் கூட்டரசுப் பாதுகாப்பு வந்தது. 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிக்கே ஒதுக்கியது. அன்று சில லட்சமாகக் குறைந்துபோயிருந்த வெள்ளைவால் மான் இன்று சுமார் மூன்று கோடி. வேட்டைக்காரரின் பணத்தாலேயே வேட்டை விலங்கைப் பெருக்கிய இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் தெற்கு மாநிலங்களில் இந்தச் சட்டங்கள் வந்து விழுந்த மண் வேறு. அங்கே காடும் ஆறும் அடிமைகளுக்கு இன்னொரு களஞ்சியமாக இருந்தன. 1841இல் கடத்தப்பட்டு லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டு அடிமையாக இருந்த சாலமன் நார்தப் தன் நூலில் அதை விரிவாகவே எழுதியிருக்கிறார். வாரப்படியாகக் கிடைத்த பன்றிக்கறி போதாது. கோடையில் புழுத்தும் போகும். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவில் ராக்கூன், ஒப்போசம் என்ற சிறு விலங்குகளைத் தேடிச் சதுப்புக்குள் போனார்கள். நார்தப் மீன்பொறி ஒன்றைத் தானே வடிவமைத்தார். இரண்டு மூன்று அடிச் சதுரத்தில் பலகைக் கூண்டு. ஒரு பக்கம் மேலும் கீழும் நகரும் கதவு. உள்ளே குச்சிகள் செருகிய ஒரு கழி. ஈரமாவையும் பஞ்சையும் உருட்டிக் கெட்டியாக்கிய இரை பின்பக்கம் இருக்கும். அதைத் தேடி வரும் மீன் குச்சியில் இடித்ததும் கழி திரும்பும், கதவு விழும். அடிப்பலகையை மேலே இழுத்தால் மீன் கைக்கு வரும். அக்கம்பக்கத்து அடிமைகளும் அதைப் பார்த்துச் செய்துகொண்டார்கள்.

இந்தத் திறமையை எசமானர்கள் தடுக்கவில்லை, பெரும்பாலும் வரவேற்றார்கள். அடிமை தானே பிடித்துத் தின்றால் எசமானுக்குத் தீனிச் செலவு மிச்சம். 1865இல் அடிமைமுறை ஒழிந்ததும் கணக்கு தலைகீழானது. மீனும் முயலும் கிடைக்கிற குடும்பம் அடிமாட்டுக் கூலிக்கு வயலில் இறங்காது. அதே ஆண்டு மிசிசிப்பி இயற்றிய கறுப்பர் சட்டம், விடுதலை பெற்றவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. அடுத்து அத்துமீறல் சட்டங்களும் வேலிச் சட்டங்களும் வந்தன. வேலியில்லா நிலத்தில் யாரும் வேட்டையாடலாம், ஆடுமாடு மேய்க்கலாம் என்ற பழைய வழக்கம் மாவட்டம் மாவட்டமாக மறைந்தது. காட்டுயிர்ப் பாதுகாப்பு என்ற நியாயம் இவற்றின் மேல்தான் வந்து அமர்ந்தது. உரிமம் வந்தபோதும் சொந்த நிலத்தில் வேட்டையாடுபவருக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளித்தன. நிலம் யாரிடம் இருந்தது, வாரத்துக்கு உழுதவர் யார் என்று தெரிந்தால், அந்த விலக்கு யாருக்குப் பயன்பட்டது என்பதும் விளங்கிவிடும்.

நெறியின் உயர்வும் தாழ்வும் ஒரே மனிதரிடம் கூடியிருந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் வில்லியம் ஹார்னடேயைப் பார்க்கலாம். நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர். 1907இல் அங்கிருந்து 15 காட்டெருமைகளை ரயிலேற்றி ஓக்லஹோமாவின் விசிட்டா மலைக்கு அனுப்பினார். அழியவிருந்த இனம் மீண்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 1906 செப்டம்பரில், காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்தவரும் அவரே. கறுப்பினப் போதகர்கள் எதிர்த்துக் குரல்கொடுத்த பிறகே அது நின்றது. காட்டெருமைகள் போய் இறங்கிய நிலமும் சில ஆண்டுகள் முன்புவரை கயோவா, கோமாஞ்சி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலம்தான்.

ஹார்னடே 1913இல் வெளியிட்ட நூலில் பாடும் பறவைகளின் அழிவுக்கு இத்தாலியக் குடியேறிகளைக் குற்றம்சாட்டி ஓர் அத்தியாயம், தெற்கின் கறுப்பரையும் ஏழை வெள்ளையரையும் குற்றம்சாட்டி இன்னொரு அத்தியாயம். துப்பாக்கி நிறுவனங்களையும் வசதியான வேட்டைக்காரர்களையும் அவர் சும்மா விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வசதியானவரைத் திட்டும்போது அவர் கண்டிப்பது செயலை. ஏழையைத் திட்டும்போது இனமே குற்றவாளியாகிவிடுகிறது. இந்தப் பார்வை அந்தப் புத்தகத்தில் மட்டும் இருந்ததுமல்ல. குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் காட்டுயிர்களை வேட்டையாடக் கூடாது, அதற்கான துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது என்று பென்சில்வேனியா 1909இல் சட்டம் இயற்றியது. 1914இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. எத்தனை பறவை சுடப்பட்டது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. சுட்டவர் எங்கே பிறந்தார் என்பதே போதுமானதாக இருந்தது.

மறுபக்கத்து வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். பசியோடு சுட்டாலும் பறவை பறவைதான். ஏழைக்கு விலக்கு என்று எழுதினால், ஏழையின் பெயரில் வியாபாரி நுழைவான். அத்துமீறல் சட்டமும் உரிமக் கட்டணமும் ஏழை வெள்ளையரையும் அடித்தன. கறுப்பின வழிகாட்டிகளுக்கு இந்தப் பொழுதுபோக்கு வேட்டை வருமானத்தையும் ஓரளவு செல்வாக்கையும் தந்தது. காலியர் போன்றவர்கள் காட்டுக்குள் எசமானுக்கே கட்டளை இடுபவர்கள். இவை எல்லாம் உண்மை. என்றாலும் காட்டெருமையையும் பயணப்புறாவையும் அழித்தது ஒப்போசப் பொறி அல்ல. சேதத்தில் சிறு பங்கு உள்ளவரிடம் தண்டனையில் பெரும் பங்கைக் கேட்டதுதான் இந்த நெறியின் அடிப்படைக் கோளாறு. காலியருக்குக் கிடைத்த மரியாதையும் வெள்ளையரின் வேட்டைக்கு ஊழியம் செய்யும்வரைதான். அதே கை தன் வீட்டு உலைக்காகப் பொறி வைத்தால் பெயர் மாறிவிடும்.

வேறு வழி இருந்ததா? வடமேற்கில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவம் இருந்தது என்கிறது. 1854இல் மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தில் நிஸ்குவாலி, புயாலப் உள்ளிட்ட பழங்குடிகள் பெரும்பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமான துறைகளில் மீன்பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் சால்மன் குறைந்தபோது, பாதுகாப்பு என்று சொல்லி மாநில அரசு அவர்களுடைய வலைகளைப் பறித்தது. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதன்முதலில் கைதானபோது அவருக்கு வயது 14. பிறகு ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1960களில் பழங்குடியினர் தடையை மீறி ஆற்றில் வலை வீசும் போராட்டத்தில் இறங்கினார்கள். நடிகர் மார்லன் பிராண்டோ வந்து கைதானார்; கறுப்பின நகைச்சுவையாளர் டிக் கிரிகரி சிறைக்கே போனார்.

இந்த உரிமை பற்றிய வழக்கில் 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை பழங்குடியினரின் பங்கு, மீன்வள நிர்வாகத்திலும் அவர்களுக்கு இடமுண்டு. வெள்ளை மீனவர்கள் கொதித்தார்கள். அவருடைய உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. சால்மன் பெருகிவிட்டது என்று சொல்ல முடியாது. அணைகளும் சிதைந்த ஆற்றங்கரைகளும் அப்படியே இருந்தன. ஆனால் உரிமை பெற்றவர்கள் மீனுக்காக வழக்காடத் தொடங்கினார்கள். சாலைகளுக்கு அடியில் பதித்த குழாய்கள் மீனின் வழியை அடைக்கின்றன என்று மாநில அரசைக் கூண்டில் ஏற்றி, 2018இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார்கள். கள்ள மீன்பிடிப்பவர் என்று பட்டம் சூட்டப்பட்டவர்களே ஆற்றின் காவலர்களாக நின்றார்கள்.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்டால் பருவத் தடையும் எண்ணிக்கை வரம்பும் வேண்டியவையே என்பது தெளிவு. போல்ட் தீர்ப்பும் அவற்றை ஒழிக்கவில்லை, பழங்குடிகளையும் கட்டுப்படுத்தியது. அதில் வேறுபட்டது, வரம்பை வகுக்கும் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பதே. தெற்கில் அந்த மேசையில் நிலவுடைமையாளரும் நகரத்துக் கனவான்களும் மட்டும் உட்கார்ந்தார்கள். அதன் விளைவை இன்று அமெரிக்கக் காட்டுயிர்த் துறைகளே அனுபவிக்கின்றன. வேட்டைக்காரரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர், அவர்களுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது. வருமானத்துக்குப் புது ஆட்களைத் தேடும் துறைகள், கறுப்பின இளைஞர்கள் ஏன் காட்டுப்பக்கம் வருவதில்லை என்று கேட்கின்றன. அவர்களுடைய முன்னோர் காட்டை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அவர்களை வெளியேற்றியதில் அந்த உரிமச் சீட்டுக்கும் பங்குண்டு.