அடம்பன் கொடி

யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டிக் கரையில் அடம்பன் கொடி படர்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை. நுனி பிளந்த தடித்த இலை, ஊதாப் பூ. கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்றில் ஓடும் மணலைப் பிடித்து வைக்கும். விதை உப்புநீரில் மிதந்துபோய் வேறு கரையிலும் முளைக்கும். அதனால்தான் புயலோ கடற்கோளோ வழித்துப்போன வெறுமணலில் இது முந்திக்கொண்டு வருகிறது, இராவணன் மீசைப் புல்லும் கூடவே. மணல் மெல்ல மேடாகும்.

அத்தகைய மேட்டின் பெறுமதி 2004 டிசம்பர் 26இல் தெரிந்தது. தென்னிலங்கையின் யாலவில், கடல் தெரியட்டும் என்று முன்னிருந்த மணல்மேட்டைக் குறைத்திருந்த விடுதியைச் சுனாமி அழித்தது. மேடு கலையாத அயற்கரைகளில் சேதம் குறைவு.

தீவகத்தில் மணல் ஏற்றிப்போகும் வாகனங்களைக் கண்டால் நெஞ்சு பதைக்கிறது. கொடியும் வேரோடு அல்லவா போகிறது!