பழமையைக் கடன் வாங்கிய புதுநெறி

அக்டோபர் 31 இரவு. இங்கிலாந்தில் ஒரு வீட்டின் சமையலறை. சன்னல் திட்டில் மெழுகுவத்தி எரிகிறது. பக்கத்தில் காலமான பாட்டியின் படம், ஓர் ஆப்பிள், தோட்டத்தில் பறித்த ரோஸ்மேரிக் கொத்து. ஏற்றிவைத்தவர் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர். இறந்தோரை நினைக்கும் 'சௌவின்' நாள் அது. தங்களை 'விட்ச்' என்று தயங்காமல் சொல்லிக்கொள்ளும் ஆயிரக்கணக்கானோரின் வழிபாடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது.

'விட்ச்' என்பதற்குத் தமிழில் வழங்கும் சூனியக்காரி என்ற சொல் நம் காதில் பில்லி, ஏவல் என்ற அச்சத்தோடு விழும். விக்கா எனப்படும் இந்த நெறியின் அடிப்படை அறமோ, யாருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தங்களைப் 'பேகன்' (இயற்கை வழிபாட்டு நெறியினர்) என்றும், 13,000 பேர் 'விக்கா' என்றும் பதிந்தார்கள்.

விக்காவைப் பரப்பியவர் ஜெரால்டு கார்ட்னர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பிறகு மலாயாவிலும் வேலைபார்த்துத் தாய்நாடு திரும்பிய ஆங்கிலேயர். பிரிட்டனின் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டபின், 1954-இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற நூலை வெளியிட்டார். கிறித்துவத்துக்கு முந்தைய சமயம் ஒன்று மறைவில் உயிரோடிருந்தது, அதில் நானும் சேர்த்துக்கொள்ளப்பட்டேன் என்பது அவர் கூற்று. சூனியக்காரிகள் எனப்பட்டோர் அத்தகைய பழஞ்சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்று மார்கரெட் மரே 1921-இல் எழுதிய நூல் அதற்குத் துணை நின்றது. மரேயின் கருத்தை வரலாற்றாய்வாளர்கள் பின்னர் தள்ளிவிட்டனர். வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் 1999-இல் எழுதிய ஆய்வு, இந்த நெறி நவீன பிரிட்டனில் உருவானது என்பதைத் தெளிவாக்கியது.

வயது குறைவு என்பதால் ஒரு வழிபாடு மதிப்பிழப்பதில்லை. விக்காவின் பெரும் வலிமை அது பழக்கும் கவனம். ஆண்டுக்கு எட்டுத் திருநாள்கள், மாதந்தோறும் நிலவின் வளர்பிறை தேய்பிறை. எல்லாப் பருவத்திலும் எல்லாப் பழமும் கடையில் கிடைக்கும் ஊரில், இன்று இருட்டும் நேரம் எது, வேலியில் எது பூத்திருக்கிறது என்று பார்க்க வைப்பது சிறிய காரியமில்லை. இரண்டாவது வலிமை, பெண்ணைப் பூசாரியாக்கி, தெய்வத்தையும் பெண்ணாகக் கண்டது. தனியாள் வழிபாட்டுக்கும் இதில் இடமுண்டு: எழுத்தாளர் ஸ்காட் கன்னிங்காம் 1988-இல் எழுதிய கையேடு, குழுவும் குருவும் இல்லாமல் தனியாகவே வழிபட வழிகாட்டியது.

குறைகளில் முதன்மையானது, கடன் வாங்கிய பழமை. முன்பு ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று 90 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்ற கணக்கு இன்னும் சுற்றிவருகிறது. ஆய்வாளர்களின் மதிப்பீடு 40,000 முதல் 60,000 வரை. அவர்களில் பெரும்பாலோர் ஊர்ப்பகைக்கும் அச்சத்துக்கும் பலியான சாதாரணக் கிறித்துவர்கள். பொய்க் குற்றச்சாட்டால் செத்தவர்களை அந்தக் குற்றச்சாட்டுக்கே உரியவர்களாக்கி, நம் முன்னோர் என்று கொண்டாடுவது அவர்களுக்கு இழைக்கும் இன்னோர் அநீதி.

அடுத்தது, கடையில் வாங்கும் புனிதம். தெற்குக் கலிஃபோர்னியா, பாஹா கலிஃபோர்னியா நிலத்துக்குரிய வெள்ளைச் சேஜ் அங்குள்ள பழங்குடியினரின் வழிபாட்டுச் செடி. உலகமெங்கும் வீட்டைத் தூய்மைப்படுத்தும் புகைக்கட்டாக அது விற்பனைக்கு வந்தபின், காட்டுச் செடிகள் திருட்டுத்தனமாக அறுக்கப்படுகின்றன. தீங்கு செய்யாதே என்ற அறம், வாங்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்காவிட்டால் வெறும் வாய்ச்சொல். மந்திரம் பலிக்காதபோது மனஉறுதி போதவில்லை என்று துயரப்படுபவரையே குற்றஞ்சொல்லும் போக்கும் கொடியது.

இந்தக் குறைகளுக்கு மருந்து அந்த நெறிக்குள்ளேயே இருக்கிறது. 1953-இல் கார்ட்னரின் வழியில் சேர்ந்த டோரீன் வாலியன்டே, தொன்மையானவை எனப்பட்ட சடங்கு வாசகங்களில் இருபதாம் நூற்றாண்டு மாந்திரிக எழுத்தாளர் அலிஸ்டர் குரௌலியின் எழுத்து கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, கார்ட்னரிடமே நேராகக் கேட்டார். முடிந்தால் நீயே திருத்து என்றார் அவர். வாலியன்டே திருத்தி எழுதினார். இன்று பலர் போற்றும் வாசகங்கள் அவருடையவை. ஆஸ்திரேலியாவில் பலர் குளிர்காலத் திருநாளான 'யூல்' விழாவை டிசம்பரிலிருந்து ஜூனுக்கு மாற்றிக்கொண்டார்கள். புத்தகத்தின் தேதியைவிடக் காலடி மண்ணின் குளிரை அவர்கள் நம்பினார்கள்.

இரண்டிலும் தெரிவது ஒரே துணிவு: இது நாங்கள் ஆக்கியது, எங்கள் மண்ணுக்கும் மனசாட்சிக்கும் ஏற்ப மாற்றுவோம் என்னும் துணிவு. சன்னல் திட்டில் எரியும் மெழுகுவத்திக்கு ஆயிரமாண்டு வரலாறு வேண்டியதில்லை. பாட்டியின் நினைவு உண்மை, தோட்டத்து ரோஸ்மேரி உண்மை. அந்த வழிபாட்டைத் தாங்க அவை போதும்.