மின்வலிப்புச் சிகிச்சையும் ஒரு நாவலும்

உளச்சோர்வுக்கு மின்வலிப்புச் சிகிச்சை தக்கதோ எனத் தீர்மானித்தல் மருத்துவர் கடன். எனினும், அச்சிகிச்சை குறித்து மக்கள் கொண்ட அச்சத்தை வளர்த்ததில் கதைக்கும் திரைப்படத்துக்கும் பங்குண்டு. ஆதலின் அதனை ஆராய்தல் திறனாய்வுக்கும் உரியதே.

1962இல் வெளிவந்த கென் கேசியின் நாவலும், அதனைத் தழுவி 1975இல் எழுந்த திரைப்படமும் இச்சிகிச்சையை அடங்காதவனை அடக்கும் தண்டனையாகவே காட்டின. 1963இல் வெளிவந்த சில்வியா பிளாத்தின் 'த பெல் ஜார்' இதனினும் நேர்மையுடையது. அதில் நாயகி எஸ்தர் இருமுறை வேறுவேறு மருத்துவரிடம் இச்சிகிச்சை பெறுகின்றாள். முன்னையவர் மயக்கமருந்தின்றிச் செய்கின்றார். அவளோ தான் இழைத்த குற்றம் யாதென மருள்கின்றாள். பின்னைய மருத்துவர் முன்கூட்டிச் சொல்லி, உடனிருந்து, உறக்கத்திலே செய்விக்கின்றார், நோய் தணிகின்றது. இருமுறையும் செலுத்தப்பட்டது மின்சாரமே. செய்த முறையே வேறு.

மருத்துவ வரலாறும் இதற்குச் சான்று. 1938இல் உரோமாபுரியில் செர்லெற்றியும் பினியும் இதனைத் தொடங்கியபோது மயக்கமருந்தோ தசைதளர்த்தும் மருந்தோ கொடுக்கப்படவில்லை. வலிப்பின் வேகத்தால் எலும்பு முறிதலும் நேர்ந்தது. அம்மருந்துகள் வழக்கில் வந்தபின் அத்தீங்கு பெரிதும் குறைந்தது. ஆயினும், அவையின்றிச் செய்தலை இந்தியா சட்டத்தால் தடுத்தது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே. இடையிற் கழிந்தவை 79 ஆண்டுகள்.

நாவலிலும் ஒரு குறையுண்டு. நடந்தவை யாவும் தன் நினைவிலுள்ளன என்றே எஸ்தர் இறுதியில் உணர்கின்றாள். உண்மையிலோ, சிகிச்சையை அடுத்த வாரங்களின், சிலர்க்கு மாதங்களின், நிகழ்ச்சிகள் மறந்துபோதல் உண்டு. அவற்றுட் சில மீளாமலும் போகலாம். மயக்கமருந்தால் இதயநோயாளர்க்கு நேரக்கூடிய இடரும் புறக்கணிக்கத்தக்கதன்று.

2009இல் முடிந்த போரின் துயரை இன்றும் சுமப்போர் எம் வன்னியிற் பலர். 'மூளைக்குக் கறண்ட் கொடுப்பார்கள்' என்னும் அச்சத்தால் வைத்தியசாலையை அணுகாதிருத்தல், கடும் உளச்சோர்வினர்க்கு உயிருக்கே இறுதியாகலாம். எல்லாம் நலமே என வாய்மூடி இசைதலும் அறிவுடைமையன்று. மயக்கமருந்து உண்டோ, நினைவுக்கு நேர்வது யாது, உடனிருப்பவர் யார் என வினவுதல் வேண்டும். நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்பான் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். எஸ்தரின் முதற் சிகிச்சையில் இல்லாதிருந்தது அந்நான்காவதே.