பழைய இரும்பிலிருந்து ஓர் எம்எஸ் 180

பழைய செயின்சா ஒன்று கைக்கு வந்தால் முதலில் கழற்ற வேண்டியது சைலன்சரைத்தான். கயிற்றை இழுத்துப் பார்ப்பது, பிளக்கில் பொறி வருகிறதா என்று சோதிப்பது எல்லாம் அப்புறம். சைலன்சரை எடுத்துவிட்டால் புகை வெளியேறும் வாய் வழியாக பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் அதிர்ஷ்டம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசியிருந்தால், ஆயில் சரியாகக் கலக்காத பெட்ரோலில் ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ காற்று கசிந்து சூடேறியிருக்க வேண்டும். எடைக்கு வரும் மிஷின்களில் பெரும்பாலானவை இப்படிக் கோடு விழுந்த ரகம்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இப்படிப்பட்ட சின்ன மிஷின்கள் பழைய இரும்போடு சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தாமல் தோப்புக்குள் கால் வைக்க முடியாது. அதுவரை செயின்சாவைத் தொட்டே பார்க்காதவர்களும் அவசரத்துக்கு ஒன்று வாங்கினார்கள். வாதுகளை வெட்டுவதற்கான மிஷினை வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை தென்னை அறுத்தார்கள். முன்பு டிவிஎஸ் எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக்காக இருந்தபோது பங்கிலேயே ஆயில் கலந்து ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போன பிறகு வந்தவர்களுக்கு, பெட்ரோலில் ஆயில் கலக்காவிட்டால் இன்ஜின் எரியும் என்று சொல்லித்தர ஆளில்லை.

நான் சேர்த்தது இரண்டு மிஷின்களின் மிச்சம். ஒன்று ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 180. உடம்பும் கிராங்க்கும் நன்றாக இருந்தன, பிஸ்டன் போயிருந்தது. மற்றது எம்எஸ் 170. வெளிக்கூடு உடைந்து கிடந்தாலும் காயில், ஆயில் பம்ப், கிளட்ச், கைப்பிடி எல்லாம் உருப்படியாக இருந்தன. இரண்டும் 1130 என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பதால் பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். சிலிண்டரும் பிஸ்டனும் மட்டும் வேறு. 170இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 37 மில்லிமீட்டர், 180க்கு 38. 30.1 சிசியும் 31.8 சிசியும். 180 ஏறக்குறைய 2 குதிரைத்திறன் தரும், எடை சுமார் 4 கிலோ. 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் ஸ்டட்கார்ட்டில் செய்த முதல் மின்சார ரம்பம் 48 கிலோ, அதைத் தூக்க இருவர் தேவைப்பட்டார்கள். இன்று ஒருவர் ஒரு கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கலாம் என்பதில் எனக்கு இன்னும் வியப்பு குறையவில்லை.

பிஸ்டன் வாங்கும்போது போர் அளவை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். இந்த மிஷின்களில் பிஸ்டன் பின் 8 மில்லிமீட்டரிலும் வரும், 10 மில்லிமீட்டரிலும் வரும். பழைய பின்னைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குவதே நல்லது.

சிலிண்டரைப் பார்த்ததும் போய்விட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் அநேகம். அங்கேதான் அவசரப்படக் கூடாது. உள்ளே தெரியும் கோடுகளில் பாதி கீறலே அல்ல. பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் அப்பியிருக்கும். சுவரின் மேல்பூச்சு அதைவிடப் பல மடங்கு கெட்டி. காது குடையும் பஞ்சுக் குச்சியில் கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக்கொண்டு பொங்கும். நுரைக்கிறவரை அங்கே அலுமினியம் இருக்கிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். நுரை நின்றதும் நிறைய தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் இன்னொரு முறை அலசி, உடனே உலர்த்தி ஆயில் பூச வேண்டும். புகைவாய், காற்றுவாய் ஓரங்களில் பூச்சு கிடையாது. அங்கே ஆசிட் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்த வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். கழுவியபின் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பூச்சு கிழிந்திருக்கிறது, சிலிண்டர் வேண்டாம். வழுக்கிக்கொண்டு போனால் புது பிஸ்டன், ரிங்குடன் அது இன்னும் பல வருஷம் ஓடும். எனக்குக் கிடைத்ததில் நகம் வழுக்கியது.

பெரிய மிஷின்களில் சிலிண்டரை மேலாகத் தூக்கிவிடலாம். இதில் கிராங்க் பேரிங்கின் மேல்பாதி சிலிண்டரின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது, கீழே ஒரு தட்டு வந்து மூடுகிறது. ஆகவே ரிங் மாற்றுவதற்கே இன்ஜினை முழுசாக உடம்பிலிருந்து இறக்க வேண்டும். டி27 நட்சத்திர ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், மட்டமான ஸ்க்ரூடிரைவர் தலையை வழித்துவிடும். கிளட்ச்சின் மரை தலைகீழ்: கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் நகராமலிருக்க பிளக் ஓட்டை வழியாக முடிச்சுப் போட்ட கயிற்றை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புகைவாய்ப் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு ஆயில் சீலும் புதிது போடுங்கள். சிலிண்டருக்கும் அடித்தட்டுக்கும் நடுவே பேக்கிங் கிடையாது, சூடு தாங்கும் சீலன்ட் மட்டும்தான். அதை மெல்லிய கோடாக இழுத்தால் போதும்.

மூடியதும் ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி. இரண்டு வாய்களையும் ரப்பர் துண்டு வைத்து இறுக்கி அடைத்து, பிளக்கையும் மாட்டி, இன்ஜினுக்குள் சைக்கிள் பம்பால் அரை பார் அளவுக்குக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறைக்குள் குண்டூசி முனையளவு வழியில் காற்று புகுந்தாலும் பெட்ரோலின் விகிதம் குறைந்து சூடு ஏறும். குமிழி வந்த மிஷினை அப்படியே ஓட்டினால் புது பிஸ்டனும் பழைய பிஸ்டன் போன வழியில்தான் போகும். பழைய பாகங்களை வைத்துக் கட்டிய மிஷின்கள் ஒரே மாதத்தில் திரும்பப் படுப்பதற்கு, நான் பார்த்தவரை, இந்தச் சோதனையைத் தாண்டிப் போவதே முக்கியக் காரணம்.

காயிலுக்கும் மேக்னட்டுக்கும் இடைவெளி வைக்க ஒரு விசிட்டிங் கார்டு போதும். பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டர்.

பெட்ரோல் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் வெற்றிலைபோல் துவள வேண்டும். பழையதை விரலால் அழுத்தினால் சருகாய் நொறுநொறுக்கும். அந்த நிலையில் பெட்ரோலை இழுக்கவே இழுக்காது. டேங்க்குக்குள் போகும் டியூபும் வெடித்திருக்கும். இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கையால் ட்யூன் செய்யும் கார்புரேட்டர் கொண்ட மிஷின்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் ஆகாது என்பது ஸ்டில் கையேடுகளின் எச்சரிக்கை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரைக் கெடுக்கும். எனவே வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். கலவையை வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். ஸ்டில் நிறுவனத்தின் ஆயில் என்றால் 1 லிட்டருக்கு 20 மில்லி. வேறு டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40 மில்லி.

ஓட்டம் எப்படி? வேப்பங்கிளை, பூவரசு, சீமைக்கருவேலம் எல்லாவற்றிலும், செயின் ஓடும் 14 அங்குல பாருடன் அநாயாசமாக இறங்குகிறது. ஒரு அடி விட்டம்வரை தைரியமாக வைக்கலாம். பாருக்கு ஆயில் விடும் பம்ப், செயின் சுற்றும்போது மட்டும் ஓடும்படி கிளட்ச் டிரம்மோடு கோத்திருப்பது நல்ல ஏற்பாடு. நின்ற இடத்தில் சொட்டி வீணாவதில்லை. தென்னைதான் கடினம். மற்ற மரங்களில் உள்ளே போகப் போக வைரம். தென்னையிலோ வெளிச்சுற்று கெட்டி, உள்ளே சோறு. நார் வந்து ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொள்கிறது. தரையில் கிடந்த மரமென்றால் பட்டையில் ஒட்டிய மணல் சில அறுப்புக்குள் பல்லை மழுக்கிவிடுகிறது. 4 மில்லிமீட்டர் உருண்டை அரமும் 30 டிகிரி சாய்வும் இந்தச் செயினுக்கு. மரத்தூள் துருவலாக வராமல் மாவாக வந்தால் அரம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவர்தான் கிளட்ச்சையும் இன்ஜினையும் சேர்த்து எரிக்கிறார்.

இனி பணம். பிஸ்டன், ரிங், சீல், டியூப், கார்புரேட்டர் கிட், செயின் என்று எல்லாம் சேர்த்து, புது மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. சொந்தத் தோப்புக்கும் வீட்டு விறகுக்கும் இது தாராளம். கூலிக்கு நாள் முழுக்க மரம் அறுப்பவர் இதைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது. அவருக்கு 50 சிசி மிஷின்தான் சரி.

ஒரு பாகத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பாரின் நுனியின் மேல்பாதி எதிலாவது இடித்தால், கண் இமைக்கும் முன் மிஷின் எகிறி முகத்துக்கு வரும். அப்போது செயினை நிறுத்துவது முன்பக்கக் கைக்காப்பும் அதோடு சேர்ந்த செயின் பிரேக்கும்தான். இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை ஒடித்துப் போட்டுவிட்டு வேலை செய்யும் பிள்ளைகளை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். என் மிஷினுக்குப் பிரேக் பட்டையும் காப்பும் செயின் பிடிப்பானும் புதிதாகவே வாங்கினேன். உங்கள் வீட்டுக்கு மரம் அறுக்க வருபவரின் மிஷினில் அந்தக் காப்பு இல்லையென்றால், அதை மாட்டிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அன்றைய கூலியோடு அதன் விலையையும் சேர்த்துக் கொடுங்கள்.